பாலத்து நடுவே அறுநூறு முட்டை

பெனினா அகுமுவைப் பற்றி நமாசிரு சந்தையில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். அச்சடித்த காகிதத்தை நம்புகிற பெண்பிள்ளை அந்தச் சந்தையிலேயே அவள் ஒருத்திதான். மருந்துச் சீட்டில் மூன்று வேளை என்று போட்டிருந்தால் மூன்று வேளையும் விழுங்குவாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் காலை ஒன்பது மணிக்கு என்று சீட்டு வந்தால் ஒன்பது மணிக்கே போய் வாட்ச்மேனோடு உட்கார்ந்திருப்பாள். வாத்தியார்கள் பதினொன்றரைக்கு வருவார்கள். இப்படிப்பட்டவள் கையில்தான் வட்டாரத் தடையற்ற வணிகம் என்ற காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் அதில் வேர்க்கடலை மடித்திருப்பார்கள்.

அகுமு பிறந்தது சியோ ஆற்றின் கென்யாக் கரை. வாழ்க்கைப்பட்டது உகாண்டாக் கரை. இரண்டு கரையிலும் ஒரே பேச்சு, ஒரே மரவள்ளிக் களி, சாவு விழுந்தால் ஒரே ஒப்பாரி. புருஷன் காய்ச்சலில் போய் ஆறு வருஷமாகிறது. அவன் விட்டுப்போனது ஒரு தகரக் கொட்டகையும் ரெஹேமா என்கிற மகளும். கொட்டகையில் முட்டைக் கோழி வளர்த்து, முந்நூறு கோழி வரைக்கும் ஏற்றிவிட்டாள். ரெஹேமா பெரிய ஊரில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அந்தப் படிப்பு முழுக்க முட்டையில்தான் ஓடுகிறது.

ஆனால் உகாண்டாக் கரையில் வீட்டுக்கு வீடு கோழி. அங்கே முட்டையை எடுத்துக்கொண்டு போனால், "எங்க வீட்டுலயே கெடக்கு, நீ வேணா ரெண்டு எடுத்துட்டுப் போ" என்பார்கள். அக்கரையில்தான் தீவனம் விலை அதிகம், முட்டைக்குக் கிராக்கி. அங்கே மகோகா என்பவர் பேக்கரி வைத்திருந்தார். வாரம் இரண்டு நடை, நடைக்கு அறுநூறு முட்டை, அகுமுவிடம்தான் வாங்குவார். மகோகாவை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. சந்தைக்கே தெரிந்த விஷயம் அது.

முன்பெல்லாம் எப்படிப் போவாள்? எல்லோரும் போகிற மாதிரிதான். ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிற இடம் ஒன்று உண்டு. தலையில் கூடை, இடுப்பில் சுருட்டிச் செருகிய துணி, வாயில் பாட்டு. சோப்பும் சமையல் எண்ணெயும் கடத்துகிற லுசியா நபாலாயோ முன்னால் போவாள், அகுமு பின்னால் போவாள். கரையில் ரோந்துக்காரர்கள் இருப்பார்கள். ஆளுக்கு ரெண்டு முட்டை கொடுத்தால் அவர்களுக்கு உடனே வானத்தில் ஏதாவது பறவை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்புறம்தான் பாலம் கட்டினார்கள். நாடுகள் எல்லாம் வணிக ஒன்றியமாகச் சேர்ந்துவிட்டனவாம், இனிமேல் ஏழை வியாபாரிக்கு எல்லையே கிடையாதாம். திறப்பு விழாவுக்குத் தலைநகரங்களிலிருந்து வந்த கார்கள் நிற்க இடமில்லாமல் அகுமுவின் சோளக்கொல்லையில் ஏறி நின்றன. அன்றைக்கு வணிக ஒன்றியத்தின் படக்காரன் ஒருவன், சிரித்த முகமாய் ஒரு சந்தைப் பெண் வேண்டும் என்று தேடினான். நபாலாயோவும் மற்றவர்களும் கேமராவைக் கண்டதும் புதரில் பாய்ந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தி கூடையிலும் கடத்தல் சோப்பு. சும்மா வேடிக்கை பார்க்க வந்த அகுமு மட்டும் மாட்டினாள். அவள் கையில் ஒரு வாழைத்தாரைக் கொடுத்து, சிரி என்றான். அவள் ஆயுளில் வாழை விற்றதில்லை. அந்தத் தார்கூட யாரோ ஒரு அமைச்சர் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்தது.

அடுத்த மாதம் பாலத்து முகப்பு விளம்பரப் பலகையில் மூன்று ஆள் உயரத்துக்கு அகுமு நின்றாள். கையில் தார், வாயெல்லாம் பல். கீழே கொட்டை எழுத்தில், "எனக்கு எல்லை இல்லை." இரண்டு நாள் அவள் பூரித்துப் போயிருந்தாள். ரெஹேமாவைக் கூட்டிவந்து காட்டினாள்.

மூன்றாம் நாள் வழக்கம்போலக் கூடையோடு ஆற்றில் இறங்கினாள். ரோந்துக்காரன் முட்டையை வாங்கவில்லை. பறவையையும் பார்க்கவில்லை.

"ஏங்க அக்கா, பலகையில இருக்கறது நீங்கதானே?" என்றான்.

"ஆமா தம்பி."

"அப்ப தயவுசெஞ்சு திரும்பிப் போயிடுங்க. மத்தவங்களை விட்டா ரெண்டு முட்டையோட போயிடும். உங்களை விட்டா என் வேலையே போயிடும். அரசாங்கத்து மூஞ்சியே திருட்டு வழியில போவுதுன்னு எவனாவது போட்டோ எடுத்தான்னா நான் எங்க போவேன்?"

நபாலாயோவும் கையை விரித்துவிட்டாள். "தாயே, நீ எங்ககூட வராத. நீ வந்தா ஊர் கண்ணெல்லாம் எங்க மேல. உனக்கென்ன, எல்லையே இல்லாதவ. பாலத்து மேல ராணி மாதிரி நடந்து போ."

சந்தையே கைதட்டிச் சிரித்தது. கொடுமையைப் பாருங்கள். இரண்டு கரையிலும் இருக்கிற அத்தனை ஜனங்களுக்கும் ஆறு இருந்தது. தடையற்ற வணிகத்தை உண்மையிலேயே நம்பிப் பிழைக்க வேண்டிய கதி ஒரே ஒருத்திக்குத்தான் வாய்த்தது.

சரி, காகிதம்தான் இருக்கிறதே என்று அகுமு பாலத்துக்குப் போனாள். பாலத்தின் இந்த முனையில் தூக்கி இறக்குகிற உகாண்டாக் கதவு, அங்கே சுங்கக்காரன் ஏகேசா. புருஷன் வழியில் கொழுந்தன் முறை. அந்த முனையில் அதே மாதிரி கென்யாக் கதவு, அங்கே சுங்கக்காரன் கிமெலி. காகிதத்தில் இருந்த வரியில்லாப் பட்டியலில் முட்டையும் இருந்தது. அகுமு அதை விரல் வைத்துக் காட்டினாள். கிமெலி நல்ல மனிதன் மாதிரி தலையாட்டினான்.

"முட்டைக்கு வரி இல்ல அம்மா. யாரு இருக்குன்னா? ஆனா முட்டை எதுல இருக்கு?"

"அட்டைத் தட்டுல."

"தட்டைத் திருப்புங்க. என்ன போட்டிருக்கு? சீனாவுல செஞ்சது. முட்டை நம்ம வட்டாரம். தட்டு நம்ம வட்டாரம் இல்லையே."

அதற்கப்புறம் அகுமு தட்டை விட்டுவிட்டுக் கோரைக்கூடையில் உமி பரப்பி முட்டை அடுக்க ஆரம்பித்தாள். நடைக்கு முப்பது நாற்பது உடைந்தது. கூடை சரியானதும், கோழிக்கு நோயில்லை என்று மாட்டு டாக்டர் சீட்டு கேட்டார்கள். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் உட்காருவார். அந்தச் சீட்டு ஏழு நாளைக்குத்தான் செல்லும். இந்த முட்டை இன்ன கோழி இட்டது, இன்ன ஊரில் இட்டது என்று பிறப்புச் சீட்டு வேறு, நடைக்கு ஒன்று. ரெஹேமாவுக்கே இத்தனை காகிதம் கிடையாது. எல்லாம் இருந்தாலும் கடைசியில் கிமெலி டீச்செலவுக்குத் தலையைச் சொறிவான். அதைக் கொடுத்துவிட்டுப் போவாள். பாதி நாள் கதவில், மீதி நாள் பேக்கரியில். மகோகா கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரு திங்கட்கிழமை அவர் போன் செய்து சொல்லிவிட்டார். "ரெஹேமா அம்மா, எனக்கு உங்க மேல கோவம் இல்ல. ஆனா மாவு பிசைஞ்சு வெச்சுட்டு முட்டைக்கு வழி பாத்துட்டு உக்காந்திருக்க முடியாது. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள அறுநூறு முட்டை என் கடைக்கு வரணும், பள்ளிக்கூடத்து ஆர்டர் இருக்கு. வரலேன்னா கிசுமுவுலேர்ந்து வேன்ல கொண்டார்ற ஆள்கிட்ட வருஷத்துக்கே பேசி முடிச்சிடுவேன்."

அகுமு கணக்குப் போட்டுப் பார்த்தாள். முந்நூறு கோழி. வாங்க ஆள் இல்லையென்றால் தீவனக் காசுக்காகவே முட்டையை வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். ரெஹேமாவுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை டாக்டர் சீட்டு வாங்கிக்கொண்டு வரும்போதுதான் அந்தப் புண்ணியவதி வந்து இறங்கினாள். பிரெண்டா என்று பெயர். வணிக ஒன்றியத்தின் விளம்பரப் பிரிவு, பெரிய கறுப்புக் கண்ணாடி, சின்னக் குரல். பலகையில் இருக்கிற பெண்ணையே வைத்துச் சினிமா மாதிரி ஒரு படம் எடுக்கப் போகிறார்களாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அகுமு சரக்கோடு பாலத்தைக் கடக்க வேண்டும். அதைப் படம் பிடிப்பார்கள்.

"நிஜமாவே கடக்கலாமா?" என்று கேட்டாள் அகுமு.

"நிஜமாத்தான் கடக்கணும். அதுதானே படமே! ரெண்டு பக்கமும் பெரிய அதிகாரிங்க வந்து உக்காந்திருப்பாங்க. யாரு உங்களைத் தடுப்பா?"

அகுமு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள். நபாலாயோ மட்டும் சந்தையில் மூக்கைச் சுளித்தாள். "கேமராவுக்கு முன்னால போடற சோறு வயித்துக்குப் போவுமாடி? மொதல்ல மகோகா கடைக்கு முட்டைய நான் கொண்டுபோறேன், நீ காலிக்கூடைய வெச்சு ஆடிட்டு வா."

"போ அக்கா. ஒருநாளாவது நேரா நிமிந்து போறேன்," என்றாள் அகுமு.

வியாழக்கிழமை. சைக்கிளில் நாலு கூடை, கூடைக்கு நூற்றைம்பது முட்டை, நல்ல கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒன்றியம் இனாமாகக் கொடுத்த சின்னம் போட்ட துணியை உடுப்புக்கு மேலே இடுப்பில் சுற்றியிருந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் பந்தல், பந்தலுக்குக் கீழே இரு நாட்டு அதிகாரிகள், அதிகாரிகளுக்கு எதிரே குளிர்ந்த சோடா. ஏகேசாவின் சட்டையில் அன்று இஸ்திரி இருந்தது.

பத்து மணிக்கு பிரெண்டா கையை அசைத்தாள். ஏகேசா கதவைத் தூக்கினான், காகிதத்தில் முத்திரை குத்தினான், புன்னகைத்தான். அகுமு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். அந்தப்பக்கம் கிமெலி எழுந்து நின்று சலாம் வைத்தான்! அவனும் முத்திரை குத்தினான். கேமரா முத்திரைக்குப் பக்கத்தில் போய் நன்றாகப் பார்த்தது. டீச்செலவு இல்லை, தட்டு கேள்வி இல்லை. எல்லாம் சேர்த்து நாலே நிமிஷம். கென்யா மண்ணில் இருபது அடி நடந்துவிட்டாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காகிதம் பொய் சொல்லவில்லை என்று மனசு குதித்தது.

"கட், கட்!" என்றாள் பிரெண்டா. "கொடி சுருண்டுபோச்சு, தெரியல. இன்னொரு தடவை போயிடலாம். ஆரம்பத்துலேர்ந்து."

"அம்மா, முட்டைய கடையில இறக்கிட்டு ஓடி வந்துடறேன். கூப்பிடு தூரம்தான்."

"முட்டை இல்லாம எப்படி? முட்டை பளபளன்னு எவ்வளவு அழகா வந்திருக்கு தெரியுமா! அஞ்சு நிமிஷம், செல்லம்."

மணி பத்தேகால்தானே, மத்தியானத்துக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று அகுமு சைக்கிளைத் திருப்பினாள். பெரிய இடத்துப் பேச்சைத் தட்டத் தெரியாத பிறவி. கிமெலி கதவைத் தூக்கி வெளியே விட்டான். உகாண்டாக் கதவுக்கு வந்தால் அது இறங்கியிருந்தது.

"தூக்கு கொழுந்தனாரே," என்றாள்.

ஏகேசா தூக்கவில்லை. பந்தலை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். "அண்ணி, இது கென்யாவுலேர்ந்து வர்ற முட்டை. இறக்குமதி. அந்தப்பக்கத்துப் பிறப்புச் சீட்டு எங்க?"

"என்ன உளர்ற? இப்பத்தானே உன் கண்ணு முன்னாடி போனேன்! என் கொட்டகைக் கோழி இட்டது. அதுல வாரம் நாலு நீ திங்கறதில்லையா?"

"திங்கறேன் அண்ணி, இல்லேங்கல. எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாதே! ஏற்றுமதின்னு நானே குத்திட்டேன். என் மேலதிகாரி அங்க உக்காந்து என்னையே பாத்துட்டிருக்காரு. மத்த நாளா இருந்தா விட்டுருக்க மாட்டனா?"

அகுமு கையெடுத்துக் கும்பிட்டாள். ஏகேசாவுக்கும் வியர்த்தது. ஆனால் கதவு அசையவில்லை. போகட்டும், படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மறுபடி கென்யாப் பக்கமே போய்விடலாம் என்று சைக்கிளைத் திருப்பிப் பாலத்தைக் கடந்தாள். அங்கேயும் இப்போது கதவு இறங்கியிருந்தது.

"சீட்டு?" என்றான் கிமெலி.

"இதோ. நீதானேப்பா முத்திரை குத்தின?"

"அதான் விஷயம் அம்மா. ஒரு சீட்டு ஒரு நடைக்குத்தான். இது தீர்ந்துபோச்சு. புதுசு கொண்டாங்க."

"அதே முட்டைடா இது! ஒண்ணொண்ணா எண்ணிப் பாரு!"

"முட்டை அதேதான். நடை புதுசு."

அகுமு இடுப்பு முடிச்சில் கைவைத்தாள். கிமெலி பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான். "ஐயையோ, இன்னிக்கா? கேமரா இருக்கு, பெரியவங்க இருக்காங்க! கைய எடுங்க அம்மா!" ஆக, காசு கொடுத்துக்கூடப் போக முடியாத நாளாகப் போய்விட்டது அது. ஊழலை ஒழித்துவிட்டார்கள், அகுமுவுக்கு மட்டும், அந்த ஒரு காலைக்கு மட்டும்.

பிரெண்டாவைக் கூப்பிட்டாள். பிரெண்டா தூரத்திலிருந்தே கையாட்டினாள். "அதெல்லாம் அவங்களோட பேசித் தீத்துக்குங்க. எங்களுக்கு இப்போ வெளிச்சம் சரியில்ல. சாப்பிட்டு வந்து பாக்கலாம்." பந்தலில் பொரித்த மீன் வந்திருந்தது. அதிகாரிகள் கை கழுவினார்கள். ஏகேசாவும் கிமெலியும் கதவுகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பந்திக்கு ஓடினார்கள். முதல் பந்தியைத் தவறவிட்டால் மீன் தலை கிடைக்காது.

மணி பதினொன்று. முன்னால் பூட்டு, பின்னால் பூட்டு. நடுவில் பாலம், பாலத்தில் அகுமு, அறுநூறு முட்டை, உச்சி வெயில். எந்த நாட்டிலும் அவள் இல்லை. எல்லை இல்லை என்று எழுதினார்களே பாவிகள், இரண்டு எல்லைக்கும் நடுவில் கொண்டுவந்து அல்லவா சொருகிவிட்டார்கள்! அவள் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ரெஹேமாவை நினைத்து அழுதாள், தன் முட்டாள்தனத்தை நினைத்து அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை.

கீழே ஆற்றில் யாரோ சீழ்க்கையடித்தார்கள். குனிந்து பார்த்தாள். நபாலாயோ, மீன்காரனின் மரத்தோணியில். அந்தப் பெண்ணுக்கு இடுப்பளவுத் தண்ணீரே போதும். இன்றைக்கு எண்ணெய் டின் கூடுதல் போலிருக்கிறது, தோணி பிடித்திருந்தாள். பாலத்து நிழலில் தோணியை நிறுத்தி மேலே பார்த்தாள்.

"என்ன ராணி, ஊர்வலம் முடிஞ்சுதா?"

"அக்கா, ரெண்டு பக்கமும் பூட்டிட்டானுங்க," என்றாள் அகுமு.

நபாலாயோ சிரிக்க வாயெடுத்தாள். அகுமுவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "சரி, மூக்கத் தொடச்சுக்க. கயிறு நீளம் பத்துமா?"

அகுமு பந்தலைப் பார்த்தாள். எல்லோரும் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கயிற்றை அவிழ்த்தாள். முதல் கூடையைக் கட்டிக் கைப்பிடிக்கு மேல் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டாள். பாதியில் கயிறு போதவில்லை. இடுப்பில் மேலே சுற்றியிருந்த ஒன்றியத்துத் துணியை உருவி, முறுக்கி, கயிற்றோடு முடிச்சுப் போட்டாள். கெட்டித் துணி, அதைச் சொல்ல வேண்டும். ஒன்றியம் கொடுத்ததிலேயே உருப்படியாய் உழைத்தது அது ஒன்றுதான்.

"மெதுவாடி! என் தலையில ஆம்லெட் போட்டுடாத!"

"பேசாம புடி அக்கா!"

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கைத்தோல் உரிந்துவிட்டது. கடைசிக் கூடை இறங்கியதும் அகுமு பிறப்புச் சீட்டையும் டாக்டர் சீட்டையும் சுருட்டிக் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

"இது எதுக்கு எனக்கு?" என்றாள் நபாலாயோ.

"எடுத்துட்டுப் போ. ரெண்டு முத்திரையும் இருக்கு. வெளிய போனது, உள்ள வந்தது, எல்லாம் சரியா இருக்கு."

உண்மைதான். சியோ ஆற்றில் ஆதிகாலம் தொட்டுத் திருட்டுத்தனமாய்ப் போன சரக்குகளில், முழுக் காகிதத்தோடு போனது அந்த நாலு கூடை மட்டும்தான். நபாலாயோ தோணியைத் தள்ளினாள். கரையில் ரோந்துக்காரனுக்குச் சரியாக அந்நேரம் வானத்தில் ஒரு பறவை தெரிந்தது. பதினொன்றே முக்காலுக்கு அகுமுவின் போன் அடித்தது.

"வந்துடுச்சு ரெஹேமா அம்மா," என்றார் மகோகா. "அஞ்சுதான் உடைஞ்சிருக்கு. இவ்வளவு கம்மியா உடைஞ்சு என்னிக்கு வந்திருக்கு? கிசுமுக்காரனை வேண்டாம்னு சொல்லிட்டேன். யாரு கொண்டாந்தாங்களோ, இனிமே அந்த வழியிலயே அனுப்புங்க."

"அனுப்பறேன் ஐயா," என்றாள். போனை வைத்துவிட்டுச் சைக்கிளில் சாய்ந்து நின்றாள்.

பந்தி முடிந்து, பல் குத்திக்கொண்டே எல்லோரும் வந்தார்கள். பிரெண்டா பாலத்தின் மேல் வந்து, சைக்கிளைப் பார்த்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கூடையெல்லாம் எங்க?"

"கென்யாவுக்குப் போயிடுச்சும்மா. கடையில இறக்கியாச்சு."

ஏகேசா கிமெலியைப் பார்த்தான். கிமெலி ஏகேசாவைப் பார்த்தான். கதவைத் திறந்துவிட்டது அவன்தான் என்று இவனும், இவன்தான் என்று அவனும் நினைத்தார்கள். பெரிய அதிகாரிகள் முன்னால் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேர் பதிவேட்டிலும் முட்டை முறையாகத்தான் போயிருந்தது.

"நாங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ளயா?" பிரெண்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அதிகாரிகளும் எட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள், ஒருவர் கைகூடத் தட்டினார். "பாத்தீங்களா, முன்னெல்லாம் ஒருநாள் ஆகும்னு சொன்னாங்க! கரெக்டா எவ்வளவு நேரம் ஆச்சு, சொல்லுங்க, அறிக்கையில போடணும்."

அகுமு உரிந்துபோன கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"முக்கால் மணி நேரம்னு எழுதிக்கம்மா," என்றாள். "நாளையிலேர்ந்து இன்னும் சீக்கிரமாப் போயிடும்."